பொதி மேலாண்மைக் கருவிகள்: ஒரு திறனாய்வு

லினக்சு வழங்கல்களில் மென்பொருளை நிறுவவும் இற்றைப்படுத்தவும் நீக்கவும் பயன்படுவது பொதி மேலாண்மைக் கருவி ஆகும். டெபியனின் டிபிகேஜி, அதன் மேல் இயங்கும் ஆப்ட், ரெட் ஹாட் வழிவந்த ஆர்பிஎம் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றை வசதிக்கான கருவிகளாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரு கணினியில் எந்த நிரல் இயங்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார் என்ற கேள்விக்கும் இவை விடை சொல்கின்றன. அந்த விடையை வைத்தே இவற்றை மதிப்பிட வேண்டும்.

பழைய முறையின் வலிமை

டிபிகேஜி ஒரு பொதியை விரித்து உரிய கோப்பகங்களில் இடும். அப்பொதிக்குத் தேவையான பிற பொதிகள் இல்லையெனில் பிழை காட்டும். அவற்றைத் தேடி எடுப்பது பயனரின் வேலையாக இருந்தது. 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 முதல் ஆப்ட் அச்சுமையை ஏற்றுக்கொண்டது. அது சார்புகளைக் கணக்கிட்டு, களஞ்சியத்திலிருந்து தேவையானவற்றை எல்லாம் இறக்கி நிறுவுகிறது. பல நிரல்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்வதால், அந்நூலகத்தில் உள்ள பாதுகாப்புக் குறையை ஓரிடத்தில் திருத்தினால் போதும். மேலும், நிரலை எழுதியவருக்கும் பயனருக்கும் இடையே பராமரிப்பாளர் ஒருவர் நிற்கிறார்.

அதன் குறைகள்

இடையில் நிற்பவரும் தவறலாம். 2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால், எளிதில் ஊகிக்கக்கூடிய மறையாக்கச் சாவிகள் உருவாயின. இக்குறை 2008 மே மாதத்தில்தான் வெளியில் தெரிந்தது. நிலையான பதிப்புகளில் மென்பொருள்கள் பழையனவாக இருப்பதும் உண்மை. ஒரே நிரலை ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனியே பொதியாக்குவதில் உழைப்பும் வீணாகிறது.

ஸ்னாப், ஃப்ளாட்பேக்

இக்குறைகளுக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டவை இவ்விரண்டும். சார்புகளில் பெரும்பாலானவற்றை நிரலோடு சேர்த்துக் கட்டி, கணினியின் பிற பகுதிகளிலிருந்து ஓரளவு தனிமைப்படுத்தி இவை இயக்குகின்றன. புதிய பதிப்பு விரைவில் கிடைக்கிறது. வட்டில் கூடுதல் இடம் செலவாகிறது. சேர்த்துக் கட்டிய நூலகத்தில் குறை தெரியவந்தால், ஒவ்வொரு வெளியீட்டாளரும் தம் பொதியைத் தனியே திருத்த வேண்டும்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஃப்ளாட்பேக்கில் எவரும் தமக்கெனக் களஞ்சியம் அமைத்து அதைப் பயனர் சேர்க்க வழி செய்யலாம். ஸ்னாப் கருவியோ கனோனிக்கல் நிறுவனத்தின் ஒரே கடையை நம்பியுள்ளது. அக்கடையின் வழங்கி மென்பொருள் திறந்த மூலமாக வெளியிடப்படவில்லை. உபுண்டு 22.04இல் பயர்பாக்சை ஆப்ட் கட்டளையால் நிறுவினாலும் வருவது ஸ்னாப் பொதியே. பயனர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. 2020இல் லினக்சு மின்ட் 20 ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்து வைத்ததற்கு இவ்வகை மாற்றமே காரணம்.

கடையில் இருப்பதாலேயே ஒரு பொதி பாதுகாப்பானது ஆகிவிடாது. ஸ்னாப் கடையில் தீங்கான கிரிப்டோ நாணயச் செயலிகள் நுழைந்ததால், 2023 செப்டம்பரில் புதிய பதிவுகளை மனிதர்களே சரிபார்க்கும் முறை தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டது. பழைய முறையின் பராமரிப்பாளர் செய்துவந்த வேலையின் தேவை இதனால் மீண்டும் உறுதியானது.

மதிப்பீடு

தனிமைப்படுத்தி இயக்குவது நல்ல தொழில்நுட்பம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தோடு மூன்று கேள்விகளையும் மாணவர்கள் கேட்க வேண்டும்: பொதியை யார் சரிபார்த்தார்? களஞ்சியத்தை மாற்ற எனக்கு உரிமை உண்டா? வேண்டாம் என்று நான் சொன்னால் கருவி கேட்குமா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று விடை வருமானால், மூலநிரல் திறந்திருந்தும் பயனரின் கை கட்டப்பட்டதாகவே பொருள்.