சாமி மலையேறிய பிறகு

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில், முனியாண்டி திருவிழா என்றால் என் பெரியப்பாவுக்கு மருள் வரும். மற்ற நாட்களில் அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. இருட்டோடு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போவார், பால்மரம் வெட்டுவார், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசினால் தலையைக் குனிந்துகொள்வார். உருமி முழங்க ஆரம்பித்துவிட்டால் அதே மனிதர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அதே மண்டோரை "டேய், இங்கே வாடா" என்பார். மண்டோரும் கைகட்டி வந்து நிற்பார். யார் சம்பளத்தில் எந்த மாதம் கைவைத்தாய் என்று முனியாண்டி கேட்பார்; ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். நெற்றியில் திருநீறு பூசி, சாமி மலையேறிய பிறகு பெரியப்பா சொல்வது வருஷம் தவறாமல் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கொஞ்சம் தண்ணி குடு."

தெரியாது என்று சொல்கிற அந்த 'நான்' அரைமணி நேரம் எங்கே போயிருந்தது? ஆன்மாவைப் பற்றிய பெரிய நூல்களெல்லாம் சுற்றிச் சுற்றி வரும் கேள்வியை எங்கள் தோட்டம் ஆண்டுக்கொரு முறை மேளம் அடித்துக் கேட்டது.

மருளைப் பற்றிய வாக்குவாதம் பேராவில் புதிதல்ல. 1929-இன் கடைசியில் மலாயா வந்த பெரியார் ஈப்போவிலும் பேசினார். அவர் வழிவந்த சீர்திருத்தக்காரர்களுக்கு மருள் வெறும் பித்தலாட்டம். ஆகமக் கோயில் பக்கம் நின்றவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. சிறுதெய்வக் கூத்து என்று ஒதுக்கினார்கள். 1965-இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம் தைப்பூசக் காவடிக்கு விதிமுறை சொல்லிக்கொண்டே வருகிறது. ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்கு நடக்கும் கூட்டம் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் நடக்கிறது. நம்புகிறவரும் நம்பாதவரும் கேட்பது ஒரே கேள்வி: வந்தது நிஜமாகவே சாமியா? எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் போய் வெகுநாளாகிறது. பெரியப்பா நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நடிக்கத் தெரிந்திருந்தால் அவரே மண்டோர் ஆகியிருப்பார்.

மருத்துவம் இதை ஓரளவு நிதானமாகவே பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 2022-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பு, ஆவியோ வேறொரு ஆளோ தன்னை ஆட்கொண்டதாக ஒருவர் உணரும் நிலையைக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது அவர் விருப்பமின்றி வரவேண்டும், அவருடைய சமூகம் ஏற்ற சமய வழக்கத்துக்குள் அடங்காததாக இருக்கவேண்டும், வாழ்க்கையைக் குலைக்கவேண்டும். அப்போதுதான் அது நோய். எங்கள் பேச்சில் தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைதான். யாரையாவது கிண்டல் செய்ய ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். கோயில் திடலில் ஆடுபவரையும் அங்கே படுத்திருப்பவரையும் பிரிக்கும் கோடு அவர்கள் உடம்புக்குள் இல்லை, சுற்றி நிற்கும் ஊரில் இருக்கிறது.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் மருளாளிகளை இளக்காரமாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. இந்தக் காட்சியை விளக்க நல்ல கருவி அவர்களிடம்தான் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவுவதற்கே அமைந்தது. உடம்பு உயிரல்ல, பொறியும் உயிரல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால், தள்ளுகிறவன் ஒருவன் மிஞ்சுகிறானே, அவன் யார் என்று மடக்குகிறார். என் கை, என் கால் என்கிற பேச்சே கைகாலுக்கு அப்பால் ஒருவனைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த உயிரின் இயல்பைச் சித்தாந்தம் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று சொல்லும். பளிங்கு பக்கத்திலுள்ள பொருளின் நிறம் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும். இந்தக் கணக்கில் பெரியப்பா எங்கும் போகவில்லை. அங்கேயே இருந்தார், நிறம் மாறி. அப்படியானால் சொன்ன சொல்லில் அவருக்கும் பங்கு உண்டு.

தோட்டத்து நம்பிக்கை இதற்கு நேர் எதிர். வீட்டுக்காரன் வெளியே, சாமி உள்ளே. பேசியதற்கு வீட்டுக்காரன் பொறுப்பில்லை. கல்லுமலையிலிருந்து சில கிலோமீட்டரில் சாம் போ தோங் குகைக் கோயில் இருக்கிறது. அங்குள்ள புத்தரைக் கேட்டால், வீட்டுக்காரன் என்று ஒருவன் முதலில் இருந்தானா என்பார். நிலையான ஆன்மா இல்லை, கணந்தோறும் மாறும் கூறுகளின் சேர்க்கைதான் ஆள் என்பது அவர் நெறி. அவருக்கு மருளில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆன்மாவை விட்ட அவரும் வினையை விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இன்னொரு பாடம் எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டிலேயே இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பேரா, கிளந்தான் மாநிலங்களின் உள்காட்டில் வாழும் தெமியார் பூர்வகுடிகள் ஒரே ஆளுக்குள் இரண்டு உயிர் உண்டென்கிறார்கள்: உச்சந்தலையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. மரத்துக்கும் இலையுயிர், வேருயிர் என இரண்டு. கனவில் தலையுயிர் வெளியே உலவும்போது மரத்தின், ஆற்றின், மலையின் உயிர் எதிர்ப்பட்டு ஒரு பாட்டைக் கொடுக்கும். பாட்டு வாங்கியவர் அதை இரவில் ஊர் நடுவே பாடவேண்டும். அவர் ஓர் அடி பாட, பெண்கள் மூங்கில் குழாய்களை ஒரு மரக்கட்டையின் மேல் தட்டிக்கொண்டு அதையே திருப்பிப் பாடுவார்கள். உயிர் தனியே போய்வந்தாலும், அது கொண்டுவந்த சொல் ஒவ்வொன்றும் ஊரின் வாய் வழியாகத்தான் நிற்கிறது.

இதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போன கதை சிரிப்புக்குரியது. தைப்பிங்கிலுள்ள பேரா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பேட் நூன் தெமியார்களோடு பழகி ஆராய்ந்தவர். அவரோடு 1930-களில் காட்டுக்குப் போன கில்டன் ஸ்டூவர்ட், 1951-இல் மலாயாவின் கனவுக் கொள்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காலையில் குடும்பமாக உட்கார்ந்து கனவை அலசுவதால் இவர்களிடம் சண்டையும் மனநோயும் இல்லை என்றார். 1960, 70-களில் கலிபோர்னியாவில் கனவுக் குழுக்கள் முளைத்தன. பிறகு அந்த மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர்கள் அப்படியொரு வழக்கத்தையே அங்கு காணவில்லை. ஊர், மூங்கில், திருப்பிப் பாடும் பெண்கள் எல்லோரையும் கழித்துவிட்டு, கனவை மட்டும் பெட்டியில் அடைத்து அனுப்பியிருந்தார்கள்.

மருளின் பலம் என்ன என்று இப்போது சொல்லலாம். வாயில்லாதவனுக்கு அது வாய் கொடுத்தது. சிலாங்கூர் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்களுக்குப் பேய் பிடித்ததை ஆராய்ந்த ஐஹ்வா ஓங், 1987-இல் வந்த தன் நூலில் அதை முதலாளிக்கு எதிரான ஒருவகை மறுப்பாகவே படித்தார். தோட்டத்து மருளையும் அப்படிப் படிக்க இடமுண்டு. ஆனால் நான் முழுதாக உடன்பட மாட்டேன். முனியாண்டி ஒருநாளும் துரையை "டேய்" என்றதில்லை. மண்டோரோடு நிறுத்திக்கொண்டார். திருவிழாவுக்கு மறுநாள் விடியலில் அதே பெரட்டு, அதே தலைகுனிவு. கூலியைப் பற்றித் துரைமார்களோடு பேச 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வரவேண்டியிருந்தது.

ஊர் சாட்சியாக நிற்பதையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். ஒரு வருஷம் சாமி ஒரு வீட்டைக் காட்டி, செய்வினை அங்கிருந்துதான் என்றது. ஊர் தலையாட்டியது. அந்தக் குடும்பம் லயத்தைக் காலி செய்துகொண்டு போனது. ஆனாலும் அன்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. வந்திருப்பது யார் என்று கேட்பார்கள். நாக்கில் கற்பூரம் ஏற்றச் சொல்வார்கள். திருவிழா முடிந்து பெரியவர்கள் கூடி, இது சாமி வாக்கு, இது இவன் வாக்கு என்று பிரிப்பார்கள். சித்தாந்தம் கற்காமலே, நிறம் எது பளிங்கு எது என்று பார்க்கத் தெரிந்திருந்தார்கள்.

1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. அந்தப் பயிரை நம்பி எழுந்த தோட்டங்கள் பல நிற்கவில்லை. சில துண்டு போடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்பாயின. மக்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். மருளும் கூடவே வந்தது. இப்போது அது வரிசை வீட்டின் சாமி அறையில், நேரம் குறித்து, எண் சீட்டுக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. கேட்கிறவர் ஒருவர், சொல்கிறவர் ஒருவர். தட்டில் வைக்கும் பணமும் ரகசியம்.

என் அத்தை ஒருத்தி அப்படியோர் இடத்தில் வாக்குக் கேட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள். நான்கு மாதத்தில் இடது கால் கட்டைவிரல் போனது. மகன் போய்ச் சண்டை போட்டபோது அந்த மருளாளி பதறவேயில்லை. "நானா சொன்னேன்? அம்மா சொன்னது. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பெரியப்பா சொன்ன அதே வாக்கியம். பெரியப்பா சொன்னபோது சுற்றிலும் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள், நடந்தது அவர்களுக்குத் தெரியும். இங்கே அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது.

உயிர் உடம்பை விட்டுப் போய்வருமா, இருந்த இடத்திலேயே நிறம் மாறுமா, அப்படி ஒன்று இல்லவே இல்லையா? எந்தப் பக்கம் நின்றாலும், சொல்லுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். அதைக் கைவிட்டதுதான் இன்றைய மருளின் குறை. சாமி பொய் என்பது என் வாதமல்ல.

வாக்குக் கேட்கப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நானே அந்தத் திடலில் வளர்ந்தவன். போனால் தனியாகப் போகாதீர்கள், நாலு பேரோடு போங்கள். சாமி மலையேறிய பிறகு ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, கேட்ட வாக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தெரியாது என்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.