அடுக்களைத் தமிழ்

சமையல் நூலையும் திறனாய்வுக்கு உரியதாகக் கொள்வது முறையோ எனத் தமிழன்பர் சிலர் வினவக்கூடும். முறையே என்பது எம் கருத்து. நல்லியக்கோடன் அரண்மனையில் படைக்கப்பெற்ற உணவு, வீமன் இயற்றிய நுண்ணிய நூலின் நெறி வழுவாது சமைக்கப்பெற்றது எனச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. ஆகவே, மடைநூல் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் அது அரண்மனை மடைத்தொழிலுக்கு உரியது. இல்லத்தில் சமைக்கும் பெண்ணொருத்தி தன் கைப்பக்குவத்தைத் தானே எழுதிவைத்த நூல்களுள் தலையாய ஒன்று மிகப் பிற்காலத்தில்தான் தோன்றியது. அது 1951ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'.

அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். உறவினர் பலரும் அவரிடம் செய்முறை கேட்டுவந்தனர். அதனைக் கண்ட மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் நூலாகவே எழுதும்படி தூண்டினார். அருகில் தாயோ மாமியோ இல்லாத பெண் ஒருத்தியை எதிரில் நிறுத்திப் பேசுவது போன்றது இந்நூலின் நடை. முதலில் பண்டங்களின் பெயரும் அளவும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்கள். 'செய்து கற்றல்' என ஆசிரியப் பயிற்சியில் நாம் படிக்கும் நெறியை நூலின் தலைப்பே இரு சொற்களில் அடக்கிவிடுகின்றது.

இத்தகைய நூலின் உயிர் அதன் வினைச்சொற்களில் உள்ளது. எண்ணெயின்றிச் சூடேற்றுவது வறுத்தல். நிறைந்த எண்ணெயில் இடுவது பொரித்தல். சிறிது எண்ணெயில் வாடச் செய்வது வதக்குதல். கடுகு வெடிக்க மணமூட்டுவது தாளித்தல். பருப்பைக் கடைகின்றோம், கிழங்கை மசிக்கின்றோம், புளியைக் கரைக்கின்றோம், மாவைத் திரிக்கின்றோம், தோசையை வார்க்கின்றோம். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் பண்டமே கெட்டுவிடும். இவ்வளவு நுண்மையான சொல்லாட்சியைப் பள்ளி சென்றறியாத பாட்டியரும் பிழையின்றிக் காத்துவந்தனர்.

நூலின் சிறப்பைக் கூறுமிடத்துக் குறையையும் மறைத்தலாகாது. இதில் மீனுக்கும் இறைச்சிக்கும் இடமில்லை. அம்மையார் தாம் அறிந்த அந்தணர் இல்லத்துச் சமையலை எழுதினார். அதற்காக அவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. ஆனால் ஒரு வகுப்பாரின் அடுக்களை ஏடேறிப் புகழ்பெற, கருவாட்டுக் குழம்பு வைத்த எண்ணற்ற தாய்மாரின் கைப்பக்குவம் வாய்மொழியாகவே நின்றுவிட்டது. எவருடைய அடுக்களை எழுத்தாகின்றது, எவருடையது மறைகின்றது என்பது அரசியலைச் சார்ந்த வினாவே.

இக்குறையைத் தொலைக்காட்சி ஓரளவு போக்கியுள்ளது. 2019இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி', 2021இல் வந்த தமிழ் 'மாஸ்டர் செஃப்' முதலிய நிகழ்ச்சிகளில் நண்டும் ஆட்டிறைச்சியும் தயக்கமின்றி அடுப்பேறின. ஆடவரும் கரண்டி பிடித்தனர். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சமையல் நிகழ்ச்சிகளில் நம் செவியில் விழுவன யாவை? 'ஆட் பண்ணுங்க', 'மிக்ஸ் பண்ணுங்க', 'ஃப்ரை பண்ணுங்க' என்பனவே. வறுத்தல், பொரித்தல், வதக்குதல் ஆகிய மூன்றும் ஒரே 'ஃப்ரை'யில் அடங்கிவிடுகின்றன. கண்ணுக்கு எல்லாம் தெரிவதால் சொல்லின் துணை வேண்டாம் என எண்ணுகின்றனர் போலும்! பார்த்தவர் மற்றொருவருக்கு வாயால் சொல்ல முற்படும்போதுதான் இழப்பின் அளவு புலப்படும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து முதியவர் பெரியதம்பியும் அவர்தம் பேரர்களும் 2018 முதல் இணையத்தில் வெளியிட்டுவரும் கிராமத்துச் சமையற் காட்சிகளில், ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் உரத்த குரலில் தமிழிலேயே கூறுகின்றனர். 2021 ஜனவரியில் வெளியான காட்சியில், அங்கு வந்திருந்த அரசியல் தலைவர் ராகுல் காந்தியும் வெங்காயம், தயிர், கல்லுப்பு எனச் சொல்லிக்கொண்டே பச்சடி கலந்தார். தமிழறியாத விருந்தினர் நாவிலும் தமிழ் ஏறியது. ஆகவே, குற்றம் கருவியின்மேல் இல்லை, கையாள்வோரிடமே உள்ளது.

இனி நம் கடமை யாது? செம்பவாங் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டியும் கடற்படைத் தளத்தை ஒட்டியும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் சமையலுக்கு ஒரு மீனாட்சி அம்மாள் வாய்க்கவில்லை. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறின, குடியிருப்புகள் மாறின. சம்பாலும் நெத்திலியும் ரசத்தோடு உறவாடிய அந்த அடுக்களைகளை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தமிழாசிரியர்கள் கட்டுரைப் பாடத்தில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டி சொல்லும் ஒரு செய்முறையை அவர் சொன்னவாறே எழுதிவரட்டும். எழுத்துப் பிழையைத் திருத்துவோம். பாட்டியின் வினைச்சொல்லைத் திருத்தாது விடுவோம். ஆண்டு முடிவில் அவ்வேடுகளைத் தொகுத்தால், இதுவரை எழுதப்பெறாத நூலொன்று நம் பள்ளியிலேயே உருவாகிவிடும்.