சூத்திரத்தின் பின்புறம்

இணையப் பக்கமொன்றில் ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தைக் கண்டால், அதன்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மேத்ஜாக்ஸ் என்னும் மென்பொருள் காட்டும் சூத்திரமாயின், அதன் டெக் கட்டளைகளைப் பெரும்பாலும் படிக்கலாம். தம் நூலின் அச்சுப்படி மனநிறைவு தராததால் டொனால்டு க்னூத் 1977-இல் உருவாக்கத் தொடங்கியது டெக். மாணவர்க்கு இவ்வசதி பெரும் பேறு. சூத்திரத்தை விளக்கமின்றி வெறும் படமாக ஒட்டும் தளங்களில் இதற்கு வழியில்லை. பார்வையற்ற மாணவருக்கோ அங்கே எதுவுமே இல்லை.

ஆயினும் ஒரு குறை. டெக் அச்சுக்கோப்பவரின் மொழி, கணிதத்தின் மொழியன்று. வர்க்கமூலக் குறியை இங்கே போடு, இதை மேலே சிறிதாக எழுது என்பதோடு அது நின்றுவிடுகிறது. சைனுக்கு மேலே 2 இருந்தால் அது இருபடி. அதே இடத்தில் மைனஸ் 1 இருந்தால்? நேர்மாறு சார்பு என்கிறோம் நாம். தலைகீழி என்று எழுதி மதிப்பெண் இழக்கிறான் மாணவன். (வகுப்பில் ஆண்டுதோறும் காண்கிறேன்!) இரண்டுக்கும் டெக்கில் ஒரே குறிதான். சூத்திரத்தை உரக்கப் படிக்கும் கருவியும் இங்கே ஊகிக்கவே வேண்டும்.

பொருளையே குறிக்கும் ஏற்பாடு, 1998-இல் வெளிவந்த மேத்எம்எல் முறையில் உண்டு. பக்கம் எழுதுவோர் அதைத் தொடுவதுதான் அரிது.