அடுத்த இரவின் கதை: மாயப்புனைவு வாசிப்பும் மட்டாஞ்சேரியும்

மாயப்புனைவை விரும்பிப் படிப்போரிடம் கேட்கப்படும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே: இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அடுத்து எதைப் படிக்கவிருக்கிறீர்கள்? நடப்பியல் நாவலின் வாசகரிடம் இரண்டாம் வினா அத்துணை அழுத்தத்துடன் எழுவதில்லை. அவர் ஒரு நூலை முடித்தபின் அதன் ஆசிரியரையோ காலத்தையோ பற்றி எண்ணுகிறார். மாயப்புனைவின் வாசகரோ தாம் நுழைந்த உலகை விட்டு வெளியேற மனமின்றி, அவ்வுலகின் எஞ்சிய பகுதியைத் தேடுகிறார். இத்தேடலின் இயல்பையும், கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியை முன்வைத்து அதனுள் மறைந்துநிற்கும் ஒரு தமிழ்ச் சிக்கலையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மாயப்புனைவும் தமிழ்த் திறனாய்வும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்த் திறனாய்வு நடப்பியலையே அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தது. அதனால் மாயக் கதைகள் சிறுவர் இலக்கியம், நாட்டார் வழக்காறு, வணிக எழுத்து என்னும் மூன்று அறைகளில் பகுத்து வைக்கப்பட்டன. தொல் இலக்கணம் இவ்வளவு குறுகிய நோக்குடையதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, பொருள் மரபற்ற பொய்யுரைக்கும் ஓர் இடம் அளிக்கிறது. பொய்யெனத் தெரிந்தே சொல்லப்படுவதும் பொய்யெனத் தெரிந்தே கேட்கப்படுவதும் இலக்கிய வகையே என்னும் தெளிவு அங்கு உண்டு.

மேலைத் திறனாய்வில் இப்பொருள் குறித்து இரு நிலைப்பாடுகள் குறிப்பிடத்தக்கன. டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில், தன்னளவில் முரணற்ற இரண்டாம் உலகைப் படைப்பதே இவ்வகையின் பணி என வலியுறுத்தினார். தோதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், நிகழ்ந்தது இயற்கையா இயற்கை கடந்ததா என்று முடிவுசெய்ய இயலாத தயக்கத்தையே இவ்வகையின் உயிராகக் கண்டார். முன்னவர் வாசகரை நம்பவைக்க விழைகிறார். பின்னவர் அவரை ஐயத்திலேயே நிறுத்துகிறார். வாசகரின் அடுத்த நூல் எது என்பது, இவ்விரண்டில் எதை அவர் நாடுகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது எனலாம்.

அடுத்தது என்பதன் மூவகை

அடுத்த நூலைத் தேடும் வேட்கையை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, கதையின் தொடர்ச்சியை நாடுவது. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசைக்காகக் காத்திருந்த தலைமுறை இதற்குச் சான்று. தமிழில் செயமோகனின் வெண்முரசு 2014 சனவரியில் தொடங்கி 2020 சூலையில் 26 நாவல்களாக நிறைவுற்றது. பாரதக் கதையின் முடிவை அறிந்த வாசகர்களே நாள்தோறும் அடுத்த அத்தியாயத்திற்குக் காத்திருந்தனர் என்பது கருதத்தக்கது. அவர்கள் வேண்டியது முடிவையன்று, அவ்வுலகில் தங்கியிருத்தலையே.

இரண்டாவது, அதே உலகின் வேறொரு கதையை நாடுவது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலை 1909 முதல் 1934 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. கடமற்றத்துக் கத்தனாரிடமிருந்து காயங்குளம் கொச்சுண்ணிக்கும், அவனிடமிருந்து ஆனைகளுக்கும் வைத்தியர்களுக்கும் வாசகர் எளிதாக நகர்கிறார். இந்நூலின் பறையி பெற்ற பன்னிரு குலக் கதை தமிழறிஞர்க்குப் புதியதன்று. வரருசியின் மக்கள் பன்னிருவருள் வள்ளோன் என்பானைத் திருவள்ளுவராகக் கொள்ளும் வழக்கு கேரளத்தில் உண்டு. ஆதி, பகவன் மக்கள் எழுவர் கதையிலும், பெற்ற பிள்ளைகளைப் பிறந்த இடத்திலேயே விட்டுச் செல்லும் அதே நிகழ்வே அடிப்படையாகும். ஒரே உலகின் கதைகள் எல்லையின் இருபுறமும் வெவ்வேறு பெயர்களில் வாழ்கின்றன.

மூன்றாவது, ஒரு கதை மொழியும் நாடும் மாறி வேறுருவில் திரும்பிவருவதைக் காணும் வேட்கை. மொயின்குட்டி வைத்தியர் 1872இல் இயற்றிய பதறுல் முனீர் ஹுசுனுல் ஜமால் பாரசீகக் கதையொன்றைத் தழுவியது. பிரிந்த காதலரின் கதைக்குள் சின்களின் உலகம் குறுக்கிடும் இந்நூல், தமிழ்ச் சொற்களும் அரபுச் சொற்களும் விரவிய அரபுமலையாளத்தில் அமைந்தது. மட்டாஞ்சேரிக்குரிய வகை இம்மூன்றாவதே.

மட்டாஞ்சேரி என்னும் கதைவெளி

துறைமுகத்தை ஒட்டிய இச்சிறு பகுதியில் மலையாளத்துடன் தமிழ், கொங்கணி, குசராத்தி, உருது முதலிய மொழிகள் வழங்குகின்றன. போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் ஒல்லாந்தர் புதுப்பித்த அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக விரிகிறது. அதற்கு அருகிலேயே 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலின் தரையில் சீனத்து நீலநிற ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. சல்மான் ருஷ்தி 1995இல் வெளியிட்ட மூரின் கடைசிப் பெருமூச்சு நாவல் கொச்சியின் மிளகு வணிகக் குடும்பமொன்றில் தொடங்கி, இவ்வோடுகளையே கதை காட்டும் பரப்பாக மாற்றுகிறது. மாயம் புறத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்டதாக அந்நாவலின் தொடக்கப் பகுதியில் தோன்றுவதில்லை. அவ்விடத்தின் இயல்பாகவே தோன்றுகிறது.

மலையாற்றூர் இராமகிருட்டிணனின் யட்சி (1967) தோதரோவின் இலக்கணத்திற்கு, அவர் நூலெழுதுமுன்பே அமைந்த இலக்கியம். ஆய்வக விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் ஆசிரியர் தம் மனைவி ராகிணி மானிடப் பெண்ணா யட்சியா எனத் தடுமாறுகிறார், வாசகரும் தடுமாறுகிறார். பழையனூர் நீலியை அறிந்த தமிழ் வாசகர் இந்நாவலைப் படிக்கையில் அத்தடுமாற்றத்துக்கு மற்றொரு பரிமாணம் கிட்டுகிறது. வணிகன் அஞ்சியபோது ஊரார் நம்பவில்லை. நம்பாமையால் அவன் மாண்டான். இங்கோ ஐயமே அழிவிற்கு வித்தாகிறது. அச்சத்தை நம்பாத ஊரும் அச்சத்தையே நம்பிய கணவனும் ஒரே கதையின் இரு முனைகள்.

கறல்மான்: தமிழ் வாசகரின் நூல்நிரலில் இல்லாத தமிழ்

மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் உள்ளிட்ட கொச்சிக் கடற்கரையின் இலத்தீன் கிறித்தவரிடையே வழங்குவது சவிட்டுநாடகம். மரமேடை அதிரக் காலால் மிதித்து ஆடுவதால் இப்பெயர். இதன் புகழ்பெற்ற நாடகம் கறல்மான் சரிதம். பிரெஞ்சுப் பேரரசர் சார்லமேனும் அவருடைய வீரர் ரோல்தானும் அழகி ஆஞ்சலிக்காவும் இதன் மாந்தர். மரபுவழி ஆட்டத்தில் இது 15 இரவுகள் நீண்டது என்பர். ஆசிரியராகக் கருதப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழகத்திலிருந்து சென்றவர் என்பது வழக்கு. நாடக ஆசிரியர்க்கு வழங்கும் அண்ணாவி என்னும் பெயரும் ஏட்டிற்கு வழங்கும் சுவடி என்னும் பெயரும் நம் கூத்து மரபுக்குரியவை. நாடகமொழியும் தமிழ் மிகுந்தது.

மந்திரமும் வாட்போரும் தொலைநாட்டு இளவரசியும் நிறைந்த கதையை இரவு தோறும் நிறுத்தி, மறுநாள் இரவுக்குக் கூட்டத்தை வரவழைத்த இந்நாடகம், அடுத்து என்ன என்னும் வேட்கையின் அரங்க வடிவமாகும். வாசகர் கையிலெடுக்கும் தொடர் நூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஊடகத்தினது மட்டுமே.

என்.எஸ். மாதவன் 2003இல் வெளியிட்ட லந்தன் பத்தேரியிலே லுத்தினியகள் நாவல் கொச்சிக் காயல் தீவொன்றில் நிகழ்வது. கறல்மான் நாடகம் அதன் கதையோட்டத்தில் முதன்மையிடம் பெறுகிறது. அதனை இரா. முருகன் பீரங்கிப் பாடல்கள் எனத் தமிழாக்கினார். இங்கே ஒரு முரண் வெளிப்படுகிறது. தமிழ் மிகுந்த ஒரு நாடகத்தைத் தமிழ் வாசகர் மலையாள நாவலின் மொழிபெயர்ப்பு வழியாகவே எதிர்கொள்கிறார். மூலத்தின் மொழி அவருக்கு அண்மையில் இருந்தும் மூலம் அவர் கைக்கு எட்டவில்லை.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். கறல்மான் சமய, வரலாற்று நாடகமேயன்றி மாயப்புனைவன்று என்பது முதலாவது. ஆடுவோருக்கு அது சமயம் சார்ந்தது என்பது உண்மையே. ஆயினும் இராமாயணச் சுவரோவியத்தைப் பத்தியோடு காண்பாரும் கதையாகக் காண்பாரும் ஒரே அறையில் நிற்க இயலும். சமயப் பயன் உடைமை புனைவுத்தன்மையை நீக்கிவிடுவதில்லை. அதன் மொழி மலையாளம் கலந்தது, ஆதலின் தமிழன்று என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது, ஏடுகள் கைமாறிய காலமெல்லாம் மொழியும் மாறியிருக்கும். எனினும் மணிப்பிரவாளத்தை ஏற்ற நாம் இக்கலப்பை விலக்குவதற்கு முறையான காரணம் இல்லை. மேலும், இந்நாடகத்தை மலையாளிகளிடமிருந்து பறித்துத் தமிழுடையதாக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. ஒரு நூல் இரு மொழிகளுக்கும் உரியதாக இருக்கலாம் என்பதே.

இலங்கையில் நிகழ்ந்தது நமக்கு வழிகாட்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அலங்காரரூபன் நாடகம் (1962), எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் (1964), மூவிராசாக்கள் நாடகம் (1966) ஆகியவற்றைப் பதிப்பித்தார். கூத்தேடுகள் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாகவும் படிக்கத்தக்க நூல்களாகவும் மாறின. ஏறத்தாழ அதே காலத்தில், 1964இல், சவிட்டுநாடகம் பற்றிய செபீனா ராபியின் மலையாள ஆய்வு வெளிவந்தது. கடலின் இருபுறமும் தொடங்கிய இரு முயற்சிகளைச் சேர்த்து நோக்கும் ஒப்பாய்வுக்குத் தமிழ்த்துறைகளே தகுந்த இடம்.

முடிவாக

மாயப்புனைவு வாசகரின் நூல்நிரல் விருப்பத்தால் மட்டும் அமைவதில்லை. எவை பதிப்பிக்கப்பட்டன, எவை மொழிபெயர்க்கப்பட்டன, எவை இலக்கியம் என ஏற்கப்பட்டன என்பவற்றாலும் அமைகிறது. விஷ்ணுபுரம் (1997) படித்து முடித்த இளைஞர் அடுத்து எதைப் படிப்பது எனத் தம் ஆசிரியரைக் கேட்டால், பிறமொழித் தொடர்களின் பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். கறல்மான் வராது. அது வாசகரின் குறையன்று. ஏட்டை நூலாக்கும் கடமையுடையோரின் குறை. கொச்சிக் கடற்கரையின் சவிட்டுநாடகச் சுவடிகளைத் தமிழ் எழுத்தில், பாடவேறுபாடுகளும் அருஞ்சொற்பொருளும் தந்து பதிப்பித்தல் இரு மாநிலத் தமிழ்த்துறைகளும் இணைந்து ஆற்றத்தக்க பணி. சுவடியின் மொழியறிந்த ஆசான்கள் உள்ள காலத்திலேயே அது தொடங்கப்பெறல் வேண்டும்.