தங்கலானும் எங்கள் சயனைட் மலையும்

முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று நிலத்துக்கொரு தெய்வம் வகுத்தார் தொல்காப்பியர். பாலைக்கு மட்டும் அவர் தெய்வம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்பது சிலம்பு தரும் விளக்கம். பின்வந்தவர்கள்தான் அதற்குக் கொற்றவையைத் தெய்வமாக்கினார்கள்.

2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தைப் பார்த்தபோது இந்தப் பாலைதான் என் நினைவுக்கு வந்தது. 1850 வாக்கில் வட ஆற்காட்டு வேப்பூரிலிருந்து நிலமிழந்த மக்கள், ஒரு வெள்ளைத் துரையை நம்பிப் பொன் தேடிப் போகிறார்கள். அந்தப் பொன் மண்ணைக் காக்கிறவள் ஆரத்தி. நிலம் ஒரு பெண்ணாகி எதிரே நிற்கும் காட்சிகளில் படம் உயர்ந்து நிற்கிறது. மண்ணில் புதைந்த புத்தர் சிலை, கோலாரில் தழைத்த அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்தை நினைக்க வைக்கிறது. இதையெல்லாம் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். பிழைக்கப் போனவனுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்ற கேள்வியைப் படம் எழுப்புகிறது. பிறகு, தானும் அந்த மண்ணைக் காத்த கூட்டத்தைச் சேர்ந்தவனே என்று தங்கலான் உணர்வதாகக் காட்டி, கேள்வியை எளிதாக முடித்துவிடுகிறது. உண்மை அவ்வளவு எளிதில்லை. 1802-இல் ஜான் வாரன் வந்தபோதே அக்கம்பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்குப் பிறகுதான் நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். நாம் அங்கே ஆதிகுடி இல்லை, வந்தேறிய கூலிகள்.

அப்படியானால் அந்த மண் நமக்குப் புனிதம் இல்லையா? சாம்பியன் ரீஃபில் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். ஷிப்டுக்குப் போகும்போது கூண்டில் ஏறுமுன் தாத்தா தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "கீழே போறது நம்ம இஷ்டம், மேலே வர்றது ஆத்தா இஷ்டம்" என்பாள் பாட்டி. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, பாறை வெடித்துச் சிதறும் இடத்தில் வேலை. லைனுக்கு லைன் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் அந்தப் பயத்தில் எழுந்தவைதான். பிறப்புரிமை இல்லாதவனும் உயிரைக் கொடுத்து ஒரு நிலத்தைத் தெய்வமாக்கிக்கொள்கிறான். 'தங்கலான்' இதைச் சொல்லியிருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மிச்சம் இருப்பவை சயனைட் மலைகள். காற்றடித்தால் சோற்றுத் தட்டில் வெள்ளைத் தூசு. மனிதன் செய்த பாலை இது. 2024 ஜூனில், 13 கழிவுக் குன்றுகள் அடங்கிய சுமார் ஆயிரம் ஏக்கரை ஏலம்விட்டு மீந்த பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்று பலருக்கு ஆசை. தினமும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்று. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்ரியா கோந்த் மக்களின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலை எங்கள் தெய்வம் என்ற பேச்சு மதச்சார்பற்ற நாட்டின் சட்டத்திலும் எடுபட்டது. ஏனென்றால், அது அங்கே வாழ்கிறவர்களின் வாய்ச்சொல்.

எங்கள் குன்றுகள் விஷக் குன்றுகள். யாரும் அவற்றைக் கும்பிடுவதில்லை. ஆனால் அவற்றைக் குவித்த கைகள் எங்கள் தாத்தாக்களுடையவை. அவற்றைத் தொடுமுன் லைன் வீட்டுக்காரரையும் சுற்றுக் கிராமத்து உழவரையும் உட்காரவைத்துக் கேட்பதுதான் முறை. ஊரைவிட்டு வந்து சங்கம் வைத்திருக்கும் நாம், பொங்கல் விழாவோடு நிற்காமல் இதையும் சேர்த்துப் பேசுவோம்.