காற்றுப் பலகையில் ஓர் ஆய்த எழுத்து

காமிராவுக்கு எதிரே விரலை அசைத்தால், கணிப்பொறித் திரையில் கோடு விழுகிறது. பொறியியல் மாணவர்கள் பலர் இத்தகைய ‘காற்றுப் பலகை’யைச் செய்முறைத் திட்டமாகச் செய்து காட்டுகின்றனர். பார்ப்போர் வியப்பது இயல்பே. ஆனால், வியப்பு வேறு; பயன் வேறு. இது நல்ல எழுதுகோல்தானா என்பதே நம் கேள்வி.

இது இயங்கும் முறையை முதலில் காண்போம். காமிரா நொடிக்குச் சுமார் 30 படங்களை அனுப்புகிறது. கூகுள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையறியும் மென்பொருளான மீடியாபைப், படத்தில் உள்ளங்கையைக் கண்டுபிடித்து, கையின் 21 புள்ளிகளைக் குறித்துத் தருகிறது. அவற்றுள் 8 என்னும் எண்ணுடையது சுட்டுவிரல் நுனி. அடுத்தடுத்த படங்களில் அந்நுனி இருக்கும் இடங்களை இணைத்தால் கோடு கிடைக்கும்.

ஆக, கையை அறியும் கடினமான வேலையை மாணவர் செய்யவில்லை. கொல்லர் அடித்த உளியைத் தச்சர் பயன்படுத்துவதில் குறையில்லை. ஆனால், மாணவருக்கென்று எஞ்சியுள்ள வேலை ஒன்று உண்டு. விரல் எப்போது எழுதுகிறது, எப்போது வெறுமனே நகர்கிறது என்று பிரித்தறிவதே அது. பென்சில் தாளைத் தொட்டால் எழுதும்; தூக்கினால் எழுதாது. காற்றில் தொடுவதற்கு என்ன இருக்கிறது?

இதற்கு வழக்கமான விடை: சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்தால் எழுது, நடுவிரலும் நிமிர்ந்தால் எழுதாமல் நகர். இம்முறையில் ‘ஃ’ எழுதிப் பாருங்கள். நடுவிரல் எழும்போது சுட்டுவிரலும் சற்றே அசைவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால் முளைக்கிறது! மேலும், விரல் நுனி கணுவுக்கு மேலே இருந்தால் ‘நிமிர்ந்த விரல்’ என்று கொள்ளும் நிரல், கையைப் பக்கவாட்டில் சாய்த்ததும் ஏமாந்துபோகிறது.

இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்கரான மைரன் குரூகர் 1970-களில் தொடங்கிய ‘வீடியோபிளேஸ்’ அமைப்பில், காமிராவில் விழுந்த தம் நிழலுருவின் விரலால் மக்கள் வரைந்தனர். கையை விரித்து அழித்தனர். எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்பதே அன்றும் இத்துறையின் உயிர்நாடி.

குறைகளைக் களைய வழிகள் உள்ளன. சைகை மூன்று படங்களில் தொடர்ந்து தெரிந்த பின்பே அதை ஏற்கலாம். இதனால் பத்தில் ஒரு பங்கு நொடிதான் தாமதம். சைகை மாறியதும் கடைசியாக விழுந்த சில புள்ளிகளை நீக்கினால் வாலும் மறையும். நுனியின் உயரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக விரல் மடங்கும் கோணத்தைக் கணக்கிட்டால், கை சாய்ந்தாலும் நிரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. தூக்கிய கை தளர்வதற்கு மட்டும் மருந்தில்லை. நீண்ட நேரம் எழுத இக்கருவி ஏற்றதன்று.

மாணவ நண்பர்களே, கண்காட்சிக்கு முன் உங்கள் பலகையில் ‘ஃ’ எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் வாலின்றித் தனித்தனியே விழுந்தால், உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள்.