கம்பனின் இரு மந்திர அவைகள்: மாற்றுக் கருத்தும் முடிவெடுத்தலும்

குழுவாக முடிவெடுப்போரிடையே எழும் முரணைக் கேரன் ஜென் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பணி குறித்த முரண் என்றும் உறவு குறித்த முரண் என்றும் பிரித்தது. வழமையல்லாத பணிகளில் முன்னது பயன்தரக்கூடும். பின்னது குழுவைக் குலைக்கும். தமிழில் மேலாண்மைச் சிந்தனை தேடும் கட்டுரைகள் இவ்விடத்தில் இடித்துரைப்பாரின் தேவையைச் சொல்லும் 448ஆம் குறளோடு நின்றுவிடுவதுண்டு. ஆனால் இடித்துரைப்பார் இருந்தும் அவை தவறுவதைக் கம்பராமாயண யுத்த காண்டம் காட்டுகிறது.

இராவணன் மந்திரப் படலத்தில் மாற்றுக் கருத்துக்குப் பஞ்சமில்லை. கும்பகருணன் சீதையைச் சிறைவைத்ததை நேரே பழிக்கிறான். ஆயினும் இப்போது விடுவது எளிமையாகும் என்று போருக்கே வந்து சேர்கிறான். இராவணனுக்கு இனிப்பது அந்தப் பிற்பகுதி மட்டுமே. குரங்கொன்று நகரைச் சுட்ட இழிவை முன்வைத்தே அவன் அவையைத் தொடங்கியிருந்தான். வினா மானம் பற்றியதாகிவிட்டபின், சீதையை விடுதல் ஒரு தெரிவாகவே எஞ்சவில்லை.

வீடணன் அத்தெரிவை மீட்க முயல்கிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் அவன் கூற்றாக அமைக்கிறான். அதன் பக்திச் சிறப்பு பெரிதும் பேசப்பட்டுள்ளது. அறிவுரை என்ற நிலையில் அது ஏன் தோற்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தந்தை அழிந்தபின் அரசெய்திய மகனின் கதையை அரசனிடம் அவன் தம்பியே சொல்கிறான். இராவணன் பற்றிக்கொள்வதும் அதையே: தான் தோற்றபின் தன் செல்வத்தை எய்தி வாழ்வதோ உன் கருத்து என்கிறான். பணி குறித்த முரண் ஒரே பாடலில் உறவு குறித்த முரணாகிறது. அதற்கான கருவியை வீடணனே தந்தான் என்பதும் மறுத்தற்கில்லை.

வீடணன் அடைக்கலப் படலத்தில், வந்தவன் ஏற்கத்தக்கவனா நீக்கத்தக்கவனா என்று இருபுறமும் திறந்த வினாவையே இராமன் வைக்கிறான். சுக்கிரீவன், சாம்பவன், நீலன் மறுக்கின்றனர், பிறரும் அவ்வாறே. ஒருமித்த கருத்து கிடைத்த அவ்விடத்தில் இராமன் அதுவரை பேசாதிருந்த அனுமனை நோக்குகிறான். இலங்கையைக் கண்டுவந்தவன் அவன் ஒருவனே. தூதரைக் கொல்லலாகாது என வீடணன் தடுத்ததையும் நேரில் அறிந்தவன். அனைவரும் அறிந்ததையே குழுக்கள் மீளப் பேசி, ஒருவர் மட்டும் அறிந்ததைத் தவறவிடும் என்று ஸ்டாசரும் டைட்டசும் 1985இல் காட்டிய இடர், இங்கு ஒரு கேள்வியால் விலகுகிறது.

இராமனின் முடிவு பெரும்பான்மைக்கு மாறானது. ஆயினும் காரணங்களை விரித்துரைத்தபின், வீடணனை அழைத்துவரும் பணியை மறுத்துரைத்த சுக்கிரீவனிடமே அவன் ஒப்படைக்கிறான்.